பாதிப் பின்னலில் ஒரு மீட்டிங்

கேள்வி: எங்கள் டீமில் ஸ்வீடனிலும் ஜப்பானிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்வீடன்காரர், குழந்தையைக் கூட்டிவரப் போகணும் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். ஜப்பான் மேனேஜரிடமிருந்து ராத்திரியிலும் மெயில் வரும். காலையில் காதில் மீட்டிங் ஓட ஓடத்தான் மகளுக்குத் தலை பின்னுகிறேன், யாராவது என்னைக் கூப்பிட்டால் பாதிப் பின்னலில் விட்டுவிட்டு ஓடுகிறேன். எனக்குத்தான் சமாளிக்கத் தெரியவில்லையா?

பதில்: உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. இரண்டு நாட்டுக் கடிகாரத்துக்கும் ஒரே ஆள் ஓடினால் யாருக்கும் இந்த நிலைதான்.

முதலில் அந்த ஸ்வீடன்காரரோடு உங்களை ஒப்பிடுவதை நிறுத்துங்கள். அங்கே ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்குமாகச் சேர்த்து 480 நாள் உதவித்தொகையோடு விடுப்பு, அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு மாற்றிக்கொடுக்கவே முடியாது, எடுக்காவிட்டால் போச்சு. இப்படியொரு ஏற்பாட்டில் பழகிய ஊரில், அப்பா குழந்தைக்காக எழுந்து போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவருக்கு முதுகுக்குப் பின்னால் சட்டமும் ஊர் வழக்கமும் இருக்கின்றன, நீங்கள் தனியாக நிற்கிறீர்கள்.

ஜப்பானில் அதிக வேலையால் வரும் சாவுக்கு 'கரோஷி' என்று தனிச் சொல்லே உண்டு. கூடுதல் நேர வேலை மாதம் 45 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்ற பொதுவான வரம்பு, பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆனால் மேலதிகாரிக்கு முன்னால் கிளம்பக் கூசும் பழக்கம் சட்டம் வந்த மறுநாளே போய்விடுமா? உங்கள் மேனேஜர் தன் வேலையை முடித்துவிட்டுத் தூங்கலாம் என்றுதான் மெயில் அனுப்புகிறாரோ என்னவோ, பதில் உடனே வேண்டுமா என்று அவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்காமலே ஐந்து நிமிடத்தில் பதில் போட்டால், இந்த நேரத்துக்கு இவர் விழித்திருப்பார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். எனக்கு இதுதான் உங்கள் கடிதத்தில் ரொம்பக் கவலை தந்தது. நீங்கள் வாய் திறக்காததை இரண்டு பக்கமும் சம்மதம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், இந்த வாரம் உங்கள் வேலை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். தலை பின்னிக்கொண்டே கேட்கும் மீட்டிங்கும் வேலை நேரம்தான், அதையும் சேருங்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து சொன்னார்கள்.

மீட்டிங் நேரத்தை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள், ஒரு மாதம் உங்களுக்குச் சிரமம் என்றால் அடுத்த மாதம் வேறொருவர் சிரமப்படட்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஹெச்ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் அவரும் பின்னக் கற்றுக்கொள்ளலாம், கையிருந்தால் போதும்.

இன்றைக்கே டீமுக்கு எழுதுங்கள்: "காலை 7 முதல் 8 வரை மகளோடு இருப்பேன், அந்த நேரம் மீட்டிங்குக்கு வர முடியாது. இரவு வரும் மெயிலுக்கு மறுநாள் பதில் தருகிறேன். அவசரம் என்றால் போன் செய்யுங்கள்." 'மன்னிக்கவும்' என்று மட்டும் தொடங்காதீர்கள்.