ஒருவரின் அக்கவுன்ட் மட்டும் புது மேக்கிற்கு: கடைக்காரரிடம் பேக்கப்பைக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 2019 மாடல் ஐமேக் இருக்கிறது. எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் அதில் தனித்தனி யூசர் அக்கவுன்ட். ரவுட்டரோடு இணைத்த நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் டிஸ்க்), மேக்கிலேயே உள்ள டைம் மெஷின் வசதியால் பேக்கப் எடுக்கிறோம். மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள், அவளுக்கு மேக்புக் ஏர் வாங்கப்போகிறோம். அவள் அக்கவுன்ட் மட்டும் அதில் வந்தால் போதும். நாஸ் பெட்டியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் 3,500 ரூபாய்க்கு மாற்றித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? லேப்டாப் 256 ஜிபி போதுமா, 512 வேண்டுமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. டைம் மெஷின் ஆள் ஆளாகப் பிரித்து பேக்கப் எடுப்பதில்லை, கம்ப்யூட்டர் மொத்தத்தையும் எடுக்கிறது. மகளின் புராஜெக்ட் கோப்புகளோடு உங்கள் வருமான வரித் தாள்கள், மனைவியின் பேங்க் ஸ்டேட்மென்ட், ஸ்கேன் செய்து வைத்த ஆதார் எல்லாம் அதே பேக்கப்பில்தான் கிடக்கும். மகளுக்காகக் கொடுக்கிற பாஸ்வேர்டு மூவருடையதையும் திறந்துவிடும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். நீங்களே வீட்டில் இலவசமாகச் செய்யக்கூடிய வேலைக்கு எதற்கு இந்தத் தலைவலி?

முதலில் லேப்டாப் விஷயம். மேக்புக் ஏரில் ஸ்டோரேஜை அப்புறம் கூட்ட முடியாது, வாங்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். கடைக்குப் போவதற்கு முன் ஐமேக்கில் மகளின் அக்கவுன்ட்டில் நுழைந்து, அவள் பெயரில் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து 'கெட் இன்ஃபோ' பாருங்கள். உங்கள் அக்கவுன்ட்டிலிருந்து பார்த்தால் சரியான அளவு தெரியாது, அவள் ஃபோல்டர்களுக்குள் பார்க்க உங்களுக்கு அனுமதி இருக்காது. 100 ஜிபிக்குள் இருந்தால் 256 தாராளம். 150-ஐத் தாண்டிவிட்டது என்றால் 512-க்குப் போங்கள். சிஸ்டத்துக்கும் அப்டேட்டுகளுக்கும் இடம் வேண்டும், நான்கு வருடப் படிப்பும் சும்மா இருக்காது.

இனி மாற்றும் வேலை. ஐமேக் நன்றாக ஓடுவதால் இரண்டு மேக்கையும் நேரடியாக இணைத்தும் மாற்றலாம். ஆனால் முடியும்வரை ஐமேக்கை யாரும் தொட முடியாது. பேக்கப்பிலிருந்து எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றே ஒன்று, கடைசியாக பேக்கப் ஓடிய நேரம் வரை உள்ளதுதான் கிடைக்கும். அதனால் மாற்றுகிற அன்று காலையில் 'பேக்கப் நவ்' கொடுத்து, முடியும்வரை காத்திருங்கள்.

புது லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்யும்போதே பழையதைக் கொண்டுவரட்டுமா என்று கேட்கும். உங்கள் வீட்டு நிலவரத்துக்கு அதை அப்போதைக்குத் தள்ளிவைப்பது நல்லது. மகளின் அக்கவுன்ட் ஐமேக்கில் அட்மின் உரிமை (சாஃப்ட்வேர் போடவும் செட்டிங்குகளை மாற்றவும் முழு அதிகாரம்) இல்லாத சாதாரண அக்கவுன்ட்டாக இருந்தால், இங்கேயும் அப்படியேதான் வந்து சேரும். ஆகவே முதலில் வேறு ஏதாவது பெயரில் ஓர் அட்மின் அக்கவுன்ட் உருவாக்குங்கள். மகளின் பெயரையே வைத்துவிட்டால், பின்னால் வருவதை இதன்மேல் எழுதட்டுமா, வேறு பெயரில் வைக்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் எதையாவது அழுத்திவைப்போம்.

அப்புறம் மேக் ஓஎஸ்ஸைப் புதுப்பித்துவிடுங்கள். புது மேக்கில் இருக்கும் பதிப்பு பழைய மேக்கில் உள்ளதைவிடப் பழையதாக இருந்தால் மாற்றம் நடக்காது. கடையில் மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த லேப்டாப்பில் இது நடக்கக்கூடியதுதான்.

யுடிலிட்டீஸ் ஃபோல்டரில் இந்த மாற்றும் வேலைக்கென்றே 'மைக்ரேஷன் அசிஸ்டன்ட்' இருக்கிறது. அதைத் திறந்து, டைம் மெஷின் பேக்கப்பிலிருந்து எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். நாஸ் பெட்டியின் பாஸ்வேர்டு கேட்கும். பேக்கப்பைப் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பாஸ்வேர்டு தனி. அதை மறந்திருந்தால் உள்ளே போக வழியே கிடையாது, முன்னாலேயே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரு பட்டியல் வரும்: அப்ளிகேஷன்கள், யூசர் அக்கவுன்ட்கள், மற்ற கோப்புகள், செட்டிங்குகள். ஒவ்வொன்றின் அளவும் பக்கத்தில் தெரியும். உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள், மகளுடையது மட்டும் இருக்கட்டும். அப்ளிகேஷன்களையும் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. 2019 ஐமேக்கில் இன்டெல் சிப், புதியதில் ஆப்பிளின் சொந்தச் சிப். அவளுக்கு வேண்டிய நாலைந்தைப் புதிதாக இறக்கிக்கொள்வதே சுத்தம். குடும்பப் படங்களைப் பொதுவான 'ஷேர்டு' ஃபோல்டரில் வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அது மகளின் அக்கவுன்ட்டோடு வராது, 'மற்ற கோப்புகள்' பகுதியில்தான் இருக்கும்.

இவ்வளவு எதற்கு, பேக்கப்பைத் திறந்து அவள் ஃபோல்டரை இழுத்துப் போட்டால் ஆகாதா என்று தோன்றும். மேக் ஒவ்வொரு யூசருக்கும் ஓர் எண் கொடுக்கிறது. முதலில் உருவான அக்கவுன்ட் 501, அடுத்தது 502 என்று போகும். கோப்பு யாருடையது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஐமேக்கில் 503-ஆக இருந்தவளின் கோப்புகளைப் புது லேப்டாப்பில் 501-ஆக இருப்பவர் திறக்கப் போனால் 'அனுமதி இல்லை' என்று நிற்கும். மெயில், சேமித்த பாஸ்வேர்டுகள் போன்றவையும் இருந்த இடத்தில் சரியாக உட்காராது. மைக்ரேஷன் அசிஸ்டன்ட் இதையெல்லாம் தானே சரிசெய்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் மகளின் அக்கவுன்ட்டுக்கு அட்மின் உரிமை கொடுத்துவிடுங்கள். இதன் பிறகுதான் பலர் கோட்டைவிடும் இடம் வருகிறது. புது லேப்டாப்பில் டைம் மெஷினை அந்த நாஸோடு இணைத்தால், பழைய பேக்கப்பை இந்தக் கம்ப்யூட்டரே தொடரட்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பேக்கப் ஐமேக்குடையது, நீங்களும் மனைவியும் இன்னும் அதை நம்பித்தான் இருக்கிறீர்கள். லேப்டாப்புக்குப் புதிதாக ஒன்று தொடங்கட்டும். எப்படியும் விடுதியில் இந்த நாஸ் கைக்கு எட்டாது. கடைக்குக் கொடுக்க நினைத்த பணத்தை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டு அவள் பையில் வைத்து அனுப்புங்கள்.

ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பான ஐகிளவுடில் இடத்தை மிச்சப்படுத்தும் வசதி ஆனில் இருந்தால், சில படங்களும் கோப்புகளும் ஐமேக்கிலேயே முழுதாக இருக்காது, பேக்கப்பிலும் இருக்காது. அதே ஆப்பிள் அக்கவுன்ட்டில் (முன்பு ஆப்பிள் ஐடி) நுழைந்தால் புது லேப்டாப்பில் தானாக இறங்கும். புது ஆப்பிள் அக்கவுன்ட்டுக்கு மாறுகிற யோசனை இருந்தால், ஐமேக்கில் எல்லாவற்றையும் முழுதாக இறக்கிவிட்டுப் பிறகு பேக்கப் எடுங்கள்.

ஐமேக்கில் அவள் அக்கவுன்ட்டை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு செமஸ்டர் கிடக்கட்டும்.

கேள்வி: இதே வேலைக்கு, லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைக்க ஈதர்நெட் அடாப்டர் வாங்கப் பார்த்தேன். 400 ரூபாய்க்கும் இருக்கிறது, 2,000 ரூபாய்க்கும் இருக்கிறது. என்ன வித்தியாசம்?

பதில்: பெட்டியில் '10/100' என்று மட்டும் போட்டிருந்தால் அது பழைய வேகம், நொடிக்கு 12 எம்பி அளவுதான் வரும். 200 ஜிபி மாற்ற நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். '10/100/1000' அல்லது 'கிகாபிட்' என்றும், யூஎஸ்பி 3 என்றும் இருக்க வேண்டும். அதில் கேபிளின் வேகம் பத்து மடங்கு. சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருப்பதால் வேலை பத்து மடங்கு சீக்கிரம் முடிந்துவிடாது, ஆனாலும் நன்றாகவே குறையும். வாங்கும் முன் ரவுட்டரையும் பாருங்கள். இன்டர்நெட் கம்பெனிகள் கொடுக்கும் சில ரவுட்டர்களில் போர்ட்டே 100-தான். அப்படியானால் 2,000 ரூபாய் அடாப்டரும் 400 ரூபாய் அடாப்டரும் ஒன்றுதான்.

இந்த ஒரு வேலைக்காக மட்டும் என்றால் வாங்கவே வேண்டாம். ரவுட்டர் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்து, சார்ஜரைச் செருகி இரவில் விட்டுவிடுங்கள். கிகாபிட் என்று சொல்லி விற்றது கிகாபிட் இல்லையென்றால் முதலில் திருப்பிக் கொடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் விண்டோஸ். இதேபோல் ஓர் அக்கவுன்ட்டை மட்டும் தூக்கிப் போட முடியுமா?

பதில்: இவ்வளவு சுலபமாக முடியாது. விண்டோஸ் 7 காலத்தில் 'ஈஸி டிரான்ஸ்ஃபர்' இருந்தது, விண்டோஸ் 10-இல் எடுத்துவிட்டார்கள். நெட்வொர்க்கில் 'ஃபைல் ஹிஸ்டரி' பேக்கப் இருந்தால் கோப்புகள் திரும்பக் கிடைக்கும், புரோகிராம்கள் கிடைக்காது. புது கம்ப்யூட்டரில், யாருடைய அக்கவுன்ட்டை மாற்றுகிறீர்களோ அவர் பெயரில் அக்கவுன்ட் தொடங்கி ஒருமுறை உள்ளே நுழைந்த பிறகு, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றை மட்டும் கொண்டுவாருங்கள். புரோகிராம்கள் தங்கள் செட்டிங்குகளை வைக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டரை மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டாதீர்கள், புரோகிராம்கள் குழம்பிப்போகும். பிரவுசர் பாஸ்வேர்டுகளைப் பழைய கம்ப்யூட்டரில் சிங்க் செய்துவைத்தால் இங்கே தானாக வந்துவிடும். அவுட்லுக் மெயிலை கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைப்பவராக இருந்தால், அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடித் தனியாக எடுங்கள். அது பேக்கப் எடுக்கும் ஃபோல்டர்களுக்கு வெளியே இருக்க வாய்ப்பு உண்டு, எனவே பழைய கம்ப்யூட்டரை விற்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.