பழைய ஜீப்பில் எரிவாயு அடுப்பு: கேள்வி பதில்

ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் சென்று தங்குவதற்காகப் பழைய ஜீப்புகளை நடமாடும் வீடாக மாற்றிவரும் வேலூர் வட்டார அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

காட்பாடி அன்பர்: ஐயா, வீட்டில் வைப்பதுபோலவே அடுப்பு மேடைக்குக் கீழே சிலிண்டரை வைத்துவிடலாமா?

வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான கனமுடையது. கசிந்தால் மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஜீப்பின் தகரத் தளமோ விளிம்பு உயர்ந்த தாம்பாளம் போன்றது. அதில் தேங்கிய வாயு காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே ஒரு சுவிட்சின் பொறி போதும், தீப்பிடித்துவிடும். ஆகவே, சிலிண்டருக்கென்று தனிப் பெட்டி செய்து, அது தங்குமிடத்தின் பக்கம் முழுவதும் அடைபட்டும், கதவு வண்டிக்கு வெளியே திறப்பதாகவும், அடியில் வெளிக்காற்றுக்கு நேராக இறங்கும் துளையுடையதாகவும் இருக்கும்படி பட்டறையில் சொல்லிச் செய்யுங்கள். அத்துளை சைலன்சருக்கும் பேட்டரிக்கும் அருகில் இருக்கலாகாது. சிலிண்டரைப் படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும் என்பதால், அதை நிமிர்த்தி, மேலும் கீழும் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். அடுப்பு மேடைக்கு அருகிலும் தளத்தில் ஒரு துளை அவசியம்.

குடியாத்தம் அன்பர்: தளத்தில் துளையிட்டால் புழுதியும் நீரும் ஏறாதா?

ஏறும். வலை பொருத்தி, பின்புறம் நோக்கிய தகர மறைப்பு ஒன்றைக் கீழே வையுங்கள். துணியால் ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். காட்டாற்றைக் கடந்ததும் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆரணி அன்பர்: செம்புக் குழாய் நல்லதா, ரப்பர் குழாய் நல்லதா?

அசையாத பகுதிக்குச் செம்பும், சிலிண்டரிலிருந்து அதனோடு இணையும் சிறு பகுதிக்கு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ரப்பர் குழாயும் ஏற்றவை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்த ஒரு மாலையில், எனது வண்டியின் பித்தளை இணைப்பில் சோப்பு நீர் தடவியபோது குமிழிகள் வந்தன. புறப்படும்போது அதே இணைப்பு கச்சிதமாகத்தான் இருந்தது. கரடுமுரடான பாதையின் அதிர்வு அப்படிப்பட்டது. எனவே, செம்புக் குழாயை நெருக்கமான இடைவெளியில் ரப்பர் வைத்த கவ்விகளால் பிடித்து, அது தகரத்தைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இட்டு, மலைப்பயணம் முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் சோப்பு நீரால் சோதியுங்கள். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கலாகாது. வண்டி ஓடும்போது சிலிண்டரின் வால்வு மூடியே இருக்கட்டும். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்குள் மாற்றுவது வீட்டுக்கான வழக்கம். வேலூர் வெயிலில் நிற்கும் வண்டிக்கு அத்தனை காலம் காத்திருக்க வேண்டாம்.

வாணியம்பாடி அன்பர்: மார்கழிக் குளிரில் அடுப்பைச் சிறிதாக எரியவிட்டு உறங்கலாமா?

கூடவே கூடாது, ஐயா. மூடிய அறையில் அடுப்பு எரிந்தால் உயிர்வளி குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் விழிக்கவே மாட்டார். கம்பளியைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். சமைக்கும்போதும் சன்னல் திறந்திருக்கட்டும். சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ள அடுப்பையே வாங்குங்கள்.

இராணிப்பேட்டை அன்பர்: பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதில் நிரப்பிக்கொள்ளலாமா?

அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டரே வண்டிக்குப் போதும்.

ஆம்பூர் அன்பர்: வழியில் வாயு வாடை வந்தால்?

வண்டியை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்; மீண்டும் இயக்க வேண்டாம், உள்விளக்கின் சுவிட்சையும் தொட வேண்டாம். எல்லோரையும் இறக்கிக் கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியிலிருந்தே சிலிண்டர் வால்வை மூடுங்கள். பிறகு காற்று வரும் திசையில் தள்ளி நின்று, 1906 என்ற எரிவாயு அவசர எண்ணை அழையுங்கள்.