விண்டோஸ் நிறுவும்போது கணினி பாதியில் நின்றுவிடுகிறது. கடையில் ஹார்டு டிஸ்க்கை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மாற்றாதீர்கள், குறைந்தது இன்றிரவு ஒரு சோதனை முடியும்வரையாவது பொறுங்கள். நிறுவல் ஒருமுறை 30 விழுக்காட்டிலும் மறுமுறை 70 விழுக்காட்டிலும் நீலத்திரை காட்டி நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இதே நிலையில் இதே அறிவுரையைக் கேட்டு நான் இழந்தது பணம் மட்டும் அன்று என்பதால் எழுதுகிறேன்.

என் வீட்டு மேசைக்கணினியில் 4 ஜிபி டிடிஆர்3 ரேம் (கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) இரண்டு இருந்தன. சில மாதங்களாகக் கோப்புகள் திறக்க மறுப்பதும் உலாவி திடீரென மூடிக்கொள்வதுமாக இருந்ததால், சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவ முனைந்தேன். மூன்று முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றது. கடைக்காரர் எந்தச் சோதனையும் செய்யாமல் டிஸ்க் போய்விட்டது என்றார். ஓர் எஸ்எஸ்டியை விற்றார். பழையதைக் கொடுத்தால் 300 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார். போன டிஸ்க்தானே என்று கொடுத்துவிட்டேன்.

வீட்டில் எஸ்எஸ்டியிலும் நிறுவல் பாதியில் நின்றது. பென் டிரைவில்தான் பிழையோ என்று, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவாமலே இயக்கி, தரவிறக்கிய விண்டோஸ் நிறுவல் கோப்பின் எஸ்எச்ஏ-256 மதிப்பைக் (கோப்பு கெடாமல் வந்ததா என்று ஒப்பிட உதவும் அடையாள எண்) கணக்கிட்டேன். முதலில் வந்த மதிப்பு தளத்தில் இருந்த மதிப்போடு பொருந்தவில்லை. கணினியை அணைத்துத் தொடங்கி அதே கோப்பை மீண்டும் கணக்கிட்டபோது பொருந்தியது. ஒரே கோப்புக்கு இரு மதிப்புகள் வருகின்றன என்றால், கோப்பைவிட அதைப் படித்து வைத்துக் கணக்கிடும் இடத்தைத்தான், அதாவது ரேமைத்தான், முதலில் ஐயப்பட வேண்டும். அன்றிரவு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச ரேம் சோதனை நிரலை ஓடவிட்டேன். அரை மணிக்குள் திரை முழுவதும் சிவப்பு வரிகள். ரேம்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்ததில் ஒன்று கெட்டிருந்தது. அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் துடைத்து வேறு துளையில் செருகியும் பிழைகள் தொடர்ந்தன. மற்றொன்றை மட்டும் வைத்தபோது நிறுவல் ஒரு தடங்கலுமின்றி முடிந்தது.

அதுவரை ஓரளவு ஓடிய கணினி நிறுவும்போது மட்டும் ஏன் விழுகிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறுவி, பல ஜிபி அளவுள்ள சுருக்கப்பட்ட கோப்புகளை நினைவகத்தில் விரித்துச் சரிபார்த்து எழுதுகிறது. சுருக்கிய கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அடுத்தடுத்த தரவு கெட்டுவிடும். கெட்ட பகுதியில் எப்போது எது வந்து விழும் என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால், நிற்கும் இடமும் மாறுகிறது.

பென் டிரைவ்தான் பெரும்பாலும் காரணம் என்று இங்கே சிலர் மறுக்கக்கூடும். நான் வன்பொருள் வல்லுநன் அல்லன். அவர்கள் சொல்வதையும் மறுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் நானும் பென் டிரைவையும் டிஸ்க்கையும்தான் முதலில் பார்ப்பேன். சூடேறும் செயலியும் நலிந்த மின்வழங்கியும்கூட இப்படி வீழ்த்தும். ஆனால் ரேம் சோதனைக்கு ஒரு பென் டிரைவும் ஓர் இரவும் போதும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி (ரேமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) இயங்கினால் அதை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். ஒரே சுற்றில் பிழை வரவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், விடியும்வரை ஓடட்டும். ரேமைக் கழற்றும் முன் மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். என் பழைய டிஸ்க்கை அழித்து, வேறொருவருடைய கணினியில் பொருத்தி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நன்றாக இயங்குகிறதாம். அதன் டி டிரைவில்தான் என் தந்தை எங்களோடு இருந்த கடைசித் தீபாவளியின் படங்கள் இருந்தன.