வேலியும் மரக்கன்றும் போதுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டிய புல்வெளியில் முன்பு மிகுதியாகத் தென்பட்ட பட்டாம்பூச்சிகளும், தரையில் முட்டையிடும் பறவைகளும் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றன. அவற்றைக் காக்க, ஆடுமாடுகள் நுழையாதபடி வேலியிட்டு, மரக்கன்றுகள் நடலாமா?

பதில்: உங்கள் அக்கறை பாராட்டுக்குரியது, ஆனால் கன்றுகள் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். புல்வெளி என்பது காடாக வளரத் தவறிய தரிசு அன்று. தன்னளவில் அது முழுமையான வாழிடம். தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு நாற்புறமும் தெரியும் திறந்தவெளி வேண்டும். நடுவே மரங்கள் உயர்ந்தால், முட்டைகளைக் கவரும் காக்கை போன்றவை அமர்ந்து நோட்டமிட இடம் கிடைத்துவிடுகிறது.

வேலியைப் பொறுத்தவரை, பிரிட்டனின் பெரிய நீலப் பட்டாம்பூச்சிக்கு நேர்ந்ததை அறிந்துகொள்வது நல்லது. சேகரிப்பாளர்கள் பிடித்துச் செல்வதே அதன் அழிவுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பி, ஓரிடத்தில் வேலியும் போட்டார்கள். அந்த வேலி கால்நடைகளையும் தடுத்ததால் புல் உயர்ந்து, பட்டாம்பூச்சி அங்கிருந்து மறைந்தே போயிற்று. அதன் புழு சில வாரங்கள் காட்டுத் தைம் என்னும் சிறு செடியின் பூக்களைத் தின்றபின், ஒருவகைச் சிவப்பெறும்பை ஏமாற்றி அதன் புற்றுக்குள் புகுந்து, எறும்பின் இளம்புழுக்களைத் தின்றே ஏறக்குறைய பத்து மாதங்கள் வளர்கிறது. அந்த எறும்போ, புல் குட்டையாக இருந்து வெயில் மண்ணில் விழுந்தால் மட்டுமே செழிக்கும். மேய்ச்சல் குறைந்ததோடு, 1950-களில் மிக்சோமடோசிஸ் நோயால் முயல்களும் மடிந்ததால் புல் வளர்ந்து மண் குளிர்ந்தது. பூச்செடி இருந்தும் எறும்பு போயிற்று. 1979-இல் அந்தப் பட்டாம்பூச்சி பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. காரணம் விளங்கியபின் மேய்ச்சலை மீட்டு, 1983-இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டபோது அது மீண்டும் நிலைபெற்றது. (காப்பாற்றப் போட்ட வேலியே பகையானது எனக்கு இன்றும் வியப்புதான்.)

எல்லாப் புல்வெளிக்கும் மேய்ச்சல் நல்லது என்று இதற்குப் பொருளில்லை, மிகுந்தாலும் கெடுதலே. ஆகவே ஓராண்டு முழுவதும், எந்தப் புழு எந்தச் செடியைத் தின்கிறது, எந்தப் பறவை எந்த மாதத்தில் முட்டையிடுகிறது என்று குறித்துவையுங்கள். முட்டையிடும் மாதங்களில் மட்டும் அந்தப் பகுதியில் மேய்ச்சலை நிறுத்தலாம். புல் அறுப்பதானால் ஒரே நாளில் முழுவதையும் அறுக்காமல் பகுதி பகுதியாக அறுக்க வேண்டும். பூச்சிமருந்து கூடவே கூடாது. அருகில் வேறு புல்வெளி இருந்தால், இடையிலுள்ள சாலையோரப் புல்லை அறுக்காமல் விட்டு இரண்டையும் இணையுங்கள்.

இவற்றையெல்லாம் தொடங்குமுன், அங்கே ஆடு மேய்ப்பவரிடம் ஒருமுறை பேசிப்பாருங்கள். எந்த மூலையில் முட்டைகள் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கக்கூடும்.