தம்பிக்கு ஒரு கத்தி

அன்புள்ள ஐயா,

நாங்கள் மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். என் தம்பி பட்டாளத்தில் நாயக். இப்போது லீவில் வருகிறான், முடிந்ததும் லடாக் போகிறான். இதுவரை அவனுக்கு வேட்டி சட்டையும் முறுக்கு டின்னும்தான் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை அவன் கையோடு இருக்கிற மாதிரி ஒரு பொருள் கொடுக்க ஆசை. மடங்காத, கெட்டியான கத்தி ஒன்று கொடுக்கலாமென்று நினைத்தேன்.

இணையத்தில் ஒன்று பார்த்தேன். 10 அங்குல அலகு, முதுகில் ரம்பப் பல், உள்ளே காலியான பிடி, அதன் மூடியில் திசைகாட்டி. பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது. எங்கள் ஊர்க் கொல்லரோ, "அதெல்லாம் எதுக்கும்மா, லாரி ஸ்பிரிங் பட்டையில நானே அடிச்சுத் தர்றேன், ஆயுசுக்கும் வரும்" என்கிறார். அம்மா, கத்தி கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று தடுக்கிறார். பட்டறைகளைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். எதை வாங்கட்டும்?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தம்பியிடமே கேட்டுவிடுங்கள். சொல்லாமல் கொடுத்து அவர் முகத்தைப் பார்க்கும் ஆசை புரிகிறது. ஆனால் இந்தப் பொருளுக்கு அது சரிவராது. சொந்தக் கத்தி வைத்துக்கொள்ள அவருடைய யூனிட்டில் விடுவார்களா, எந்த அளவு வரை விடுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் வேண்டாமென்றால் பேச்சு அத்தோடு முடிந்தது, வேறு பரிசு பாருங்கள்.

சரி என்றால், ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தேடுங்கள். சண்டைக்கு வேண்டியதை ராணுவம் கொடுக்கிறது. நீங்கள் கொடுக்கப்போவது வேலைக் கத்தி. கூடாரக் கயிறு அறுக்க, மூட்டை பிரிக்க, அட்டைப்பெட்டி கிழிக்க, அடுப்பு மூட்டச் சிராய் சீவ, வெங்காயம் நறுக்க. ஒரு நாளில் இருபது தடவை எடுத்து இருபது தடவை உறையில் போடுகிற பொருள். இந்த வேலைகளுக்கு 4 முதல் 5 அங்குல அலகு தாராளம். முதுகுத் தடிமன் 4 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் இடுப்பில் சுமைதான், வெங்காயம்கூட நறுங்காமல் பிளக்கும்.

அதனால் இணையத்தில் பார்த்த அந்த 10 அங்குலக் கத்தியை விட்டுவிடுங்கள். அதன் பலவீனமே காலியான பிடிதான். அலகு பிடியோடு சேரும் இடத்தில் கொஞ்சம் இரும்புதான் இருக்கும், கட்டையைப் பிளக்க ஓங்கித் தட்டினால் அங்கேதான் முறியும். முதுகில் வெட்டிய ரம்பப் பல் மரம் அறுக்க உதவாது, ஒவ்வொரு பல்லின் அடியும் விரிசல் தொடங்க ஓர் இடம். சிராய் சீவும்போது முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தவும் முடியாது. சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. குத்துவாள் அதில் தனியாகவே பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டு பக்கமும் கூர் வைத்த எதையும் தொடாதீர்கள்.

இனி பிடி. கத்தி வாங்குகிறவர்கள் அலகையே பார்க்கிறார்கள், நான் பிடியை முதலில் பார்ப்பேன். அலகின் இரும்பு அதே அகலத்தில் பிடியின் கடைசி வரை போய், இரண்டு பக்கமும் பலகை வைத்து ரிவிட் அடித்திருக்க வேண்டும். பிடியின் ஓரத்தில் இரும்பு விளிம்பு சுற்றிலும் கண்ணுக்குத் தெரியும், அதுதான் அடையாளம். பிடிக்குள் குறுகலான இரும்புக் காம்பு மட்டும் போகும் கத்தியெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க மரைன் படை 1942இல் ஏற்ற கா-பார் கத்திக்குக் காம்பு குறுகல்தான். 7 அங்குல அலகு, தோல் வில்லைகளை அடுக்கிய பிடி, அடியில் இரும்புக் குமிழ் போட்டு இறுக்கியது. அது இன்றும் விற்கிறது. ஆனால் அந்தக் காம்பைச் சரியாகச் செய்திருக்கிறார்களா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. முழு இரும்பு போகும் பிடியில் ஒளிக்க ஒன்றுமில்லை. அளவுக்கு ஒரு மாதிரி வேண்டுமானால் சுவீடனின் மோரா கத்திகளில் கார்பெர்க் என்பதைப் பாருங்கள். அலகு 109 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர், இரும்பு பிடி முழுக்க ஓடுகிறது. பகட்டே இல்லை.

உங்கள் ஊர்க் கொல்லரிடம் செய்வதாக இருந்தால் இந்தப் பிடி விஷயம் இன்னும் முக்கியம். நம் பக்கத்து அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பிடி ஆடினால் என்ன செய்கிறோம்? ராத்திரி தண்ணீரில் போட்டு வைக்கிறோம், மரம் ஊதி இறுகிவிடுகிறது. டெல்டாவின் ஈரக் காற்றில் அந்த வைத்தியம் நடக்கும். லே நகரமே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது, அங்கே காற்றில் ஈரமே கிடையாது. மன்னார்குடியில் இறுக்கமாகப் பொருந்திய பூவரசம் பிடி அங்கே போய்ச் சுருங்கி ஆட ஆரம்பிக்கும். மரம்தான் வேண்டுமென்றால் வருஷக்கணக்கில் காய்ந்த மரமாக இருக்கட்டும். இல்லையென்றால் மைக்கார்ட்டா போடச் சொல்லுங்கள். துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் பலகை அது, சுருங்காது, ஈரக் கையிலும் வழுக்காது. இரும்புப் பிடி மட்டும் வேண்டவே வேண்டாம், உறைகுளிரில் வெறுங்கை அதில் ஒட்டிக்கொள்ளும். தடித்த கையுறையோடு பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் பிடி சாதாரணத்தைவிட ஒரு விரல் நீளமாக இருக்கட்டும். கை வழுக்கி அலகின் மேல் போகாதபடி முன்பக்கம் ஒரு தடுப்பும் வேண்டும்.

லாரி பட்டையைப் பற்றி உங்கள் கொல்லர் சொல்வது நியாயம். ஸ்பிரிங் எஃகு அடியைத் தாங்கும், குளிரிலும் சட்டென்று உடையாது. ஆனால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். ஓடாத புதுப் பட்டை கேளுங்கள், இரண்டு அடித் துண்டுக்கு என்ன பெரிய செலவாகிவிடும். அதைவிட முக்கியம் தோய்ச்சல், பழுக்கக் காய்ச்சிய இரும்பை முக்கிக் கடினமாக்குவது. அரிவாளுக்குப் பழகிய கை, கூர் உள்ள வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் முக்கும். இந்த எஃகை எண்ணெயில் முக்க வேண்டும், தண்ணீரில் முக்கினால் வெடிக்க வாய்ப்புண்டு. எண்ணெயிலிருந்து எடுத்ததும் புது அரத்தை வைத்து இழுத்தால் அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது அது கண்ணாடி போல உடையும் நிலையில் இருக்கிறது. இரும்பைப் பளபளவென்று தேய்த்துவிட்டு மறுபடி மெல்லச் சூடேற்றினால் அதன் மேல் நிறம் ஏறும், முதலில் வெளிர் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும். 200 டிகிரியை ஒட்டிய சூடு அது. வீட்டில் கேக் செய்கிற ஓவன் இருந்தால் அதில் இரண்டு மணி நேரம் வைப்பது இன்னும் நிச்சயம்.

பதம் சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். கும்பகோணத்தில் எந்தப் பித்தளைக் கடையிலும் பென்சில் தடிமனுக்கு ஒரு பித்தளைக் கம்பி கிடைக்கும். சாணை பிடித்து முடிந்த கத்தியை, சாணைக்கல்லில் வைக்கிற அதே சாய்வில், வாய் கம்பியின் மேல் படும்படி வைத்து அழுத்துங்கள். வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். அழுத்தும் இடத்தில் வாய் மெல்லிதாக வெளியே பிதுங்குவது தெரியும், கம்பியின் மேல் நகர்த்த நகர்த்த அந்தப் பிதுக்கமும் கூடவே நகரும். கையை எடுத்ததும் வாய் பழையபடி நேராகிவிட்டால் பதம் பிடித்திருக்கிறது. வளைந்தபடியே நின்றால் மென்மை. பொடிப்பொடியாகத் தெறித்தால் கடினம், திரும்ப ஓவனுக்குப் போகட்டும். ஆலைக் கத்தி வாங்கினால் எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவு 56 முதல் 58 வரை என்று போட்டிருப்பதை எடுங்கள், முரட்டு வேலைக்கு அது சரியான இடம்.

துருவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஸ்பிரிங் எஃகு துருப் பிடிக்கும். லடாக்கின் வறட்சியில் அவ்வளவாகப் பிடிக்காது. வெளிக்குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவரும்போது மட்டும் அலகு வியர்க்கும், அதைத் துடைத்துவிட வேண்டும். லீவில் கொண்டுவந்து நம் வீட்டு பீரோவில் வைக்கும் மாதம்தான் ஆபத்து. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் கத்தியை மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே, காகிதத்தில் சுற்றி வையுங்கள். துடைக்கவும் எண்ணெய் போடவும் அவருக்குப் பொறுமை இருக்காது என்று தோன்றினால், கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கினாலும் ஸ்டெயின்லெஸ் வாங்கிவிடுங்கள். கூடவே கையகல சாணைக்கல் ஒன்றையும் கொடுங்கள்.

அம்மாவின் பேச்சைத் தள்ள வேண்டாம். பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புகிற அம்மாவின் பயம் அதில் இருக்கிறது. நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, கீழே வைத்து எடுக்கச் சொல்வார்கள். அப்படியே செய்யுங்கள். ஆயுத பூஜையில் செய்வது போல அலகுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் ஒரு தட்டில் வையுங்கள். தம்பி ஒரு ரூபாய் நாணயத்தைத் தட்டில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். வாங்கிய பொருள் ஆகிவிட்டது, அம்மாவும் நிம்மதியாக இருப்பார்.

பெயர் பொறிக்க ஆசைப்படுவீர்கள் என்று நினைக்கிறேன். ரெஜிமென்ட் பெயர், நம்பர் எதுவும் வேண்டாம். அவர் பெயரின் முதல் எழுத்து மட்டும், பிடியை ஒட்டி, ஆழமில்லாமல் இருக்கட்டும். உளி வைத்து அடிக்கிற எழுத்தென்றால் தோய்ச்சலுக்குப் பின்னால் அடிக்க விடாதீர்கள், கடினமான எஃகு அந்த அடியில் வெடிக்கலாம். திரும்பிப் போகும்போது சென்னையிலிருந்து விமானம் என்றால் கத்தி கைப்பையில் இருக்கக் கூடாது, செக்-இன் பெட்டியில் போக வேண்டும். உறையோடு துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் நீங்களே வைத்துவிடுங்கள்.

அன்புடன்.