காப்பிக் கேள்விகள்: விலையும் ரோபஸ்டாவும் சில புது இனங்களும்

மயிலாப்பூர் வாசகி: காப்பிக்கொட்டை நம் பக்கத்து மலைகளிலேயே விளைகிறது. பிரேசிலில் மழை பொய்த்தால் எங்கள் தெருமுனைக் கடையில் தூள் விலை ஏன் ஏற வேண்டும், ஐயா?

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் டன் காப்பி விளைகிறது. அதில் பெரும்பகுதி கப்பலேறிவிடுகிறது. ஒரு காலத்தில் விளைச்சலைக் காப்பி வாரியமே திரட்டி விற்றது. 1990களில் அந்த ஏற்பாடு படிப்படியாக நீங்கியபின், சிக்மகளூர்த் தோட்டக்காரர், காப்பியின் இரு முக்கிய இனங்களான அராபிகாவுக்கு நியூயார்க் சந்தை விலையையும் ரோபஸ்டாவுக்கு லண்டன் சந்தை விலையையும் பார்த்துத்தான் தம் கொட்டைக்கு விலை சொல்கிறார். 1975இல் பிரேசிலைத் தாக்கிய உறைபனியால் 1977இல் அராபிகா தொட்ட உச்சவிலை நாற்பத்தேழு ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் இருந்தது. 2024இல் அங்கு நிலவிய கடும் வறட்சிக்குப் பிறகு, அவ்வாண்டு டிசம்பரில் அது முறிந்து, 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு நான்கு டாலரையும் தாண்டியது. அந்த விலைக்கு வாங்க வெளியே ஆள் இருக்கும்போது, தோட்டக்காரர் நமக்கு மட்டும் குறைத்துத் தருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மாம்பலம் வாசகர்: விலையைக் குறைக்க ரோபஸ்டா கலந்துகொள்ளுமாறு கடைக்காரர் சொல்கிறார். அது மட்டமான கொட்டை அல்லவா?

இந்த எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை மாற்றிக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதே என் கருத்து. இந்திய விளைச்சலில் சுமார் எழுபது விழுக்காடு ரோபஸ்டாதான். அராபிகாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காஃபீன் இருப்பதால் கசப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனால் நாம் வெறுக்கும் அந்தக் கரட்டுச் சுவைக்கு இனத்தைவிடப் பக்குவமே பெரிய காரணம். பழுத்ததும் பழுக்காததுமாகப் பறித்துப் பழத்தோடு அப்படியே களத்தில் காயவைத்த செர்ரி ரகமும், பழுத்ததை மட்டும் பறித்துத் தோல் நீக்கிக் கழுவி உலர்த்திய பார்ச்மென்ட் ரகமும் ஒரே செடியில் விளைந்தாலும் கோப்பையில் வெவ்வேறு பானங்களே. குடகிலும் வயநாட்டிலும் கழுவி எடுக்கும் ரோபஸ்டாவை இத்தாலிய எஸ்பிரஸோ கலவைகளுக்காக வெளிநாட்டார் தேடி வாங்குகிறார்கள். அந்த ரோபஸ்டாவில் தேர்ந்த ரகம் காப்பி ராயல் என்னும் பெயரில் விற்கப்படுகிறது. நல்ல பார்ச்மென்ட் ரோபஸ்டா கால் பங்கு சேர்ந்தால் டிகாக்ஷன் கெட்டியாக இறங்கும். பால் சேர்த்தபின்னும் காப்பியின் சுவை அமுங்காது. ஆனால் இதில் பணம் மிச்சமாகும் என்று அதிகம் நம்ப வேண்டாம்: லண்டனில் ரோபஸ்டா 2024இல் டன்னுக்கு 5,000 டாலரைக் கடந்தது. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது செர்ரியா, பார்ச்மென்டா என்பதைத்தான்.

அடையாறு வாசகி: பீபெரி என்பது உயர்ந்த இனமா?

இனமே அன்று. ஒரு பழத்தில் இரண்டு விதைகளுக்குப் பதிலாக ஒன்றே உருண்டு திரண்டால் அது பீபெரி. அராபிகாவிலும் உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும் என்பார்கள். அதற்காகக் கொடுக்கும் கூடுதல் விலையை நான் பிளான்டேஷன் ஏ, அதாவது கழுவி உலர்த்திய அராபிகாவின் பெரிய கொட்டை ரகம், வாங்கப் பயன்படுத்துவேன்.

தாம்பரம் வாசகர்: சிக்கரி எவ்வளவு வரை கலக்கலாம்?

சட்டப்படி காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது; கலவை விகிதம் பொட்டலத்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். என் வீட்டில் சிக்கரி பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் போவதில்லை.

அண்ணாநகர் வாசகர்: வெப்பம் ஏறிக்கொண்டே போனால் அராபிகாவுக்கு மாற்று இருக்கிறதா?

சியரா லியோனில் மறக்கப்பட்டுவிட்ட ஸ்டெனோஃபில்லா என்னும் இனத்தை 2018இல் ஆய்வாளர்கள் காட்டில் மீண்டும் கண்டெடுத்தார்கள். அராபிகாவைவிட ஆறு டிகிரி அளவுக்குக் கூடுதலான சராசரி வெப்பத்தில் வளரும் அதன் சுவை அராபிகாவுக்கு நெருக்கமானது என்று 2021இல் வெளியான ஆய்வு கூறியது. வணிக அளவில் பயிராக அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். குடகில் ஏற்கெனவே வளரும் எக்செல்சா என்னும் காப்பி இனமே நமக்கு அருகிலுள்ள வாய்ப்பு. அதன் வேர்கள் ஆழமாக இறங்குவதால் வறட்சியைத் தாங்கும் என்கிறார்கள். எனினும் அது மரமாகவே உயர்ந்துவிடுவதால் பறிப்புக்கூலி கையைக் கடிக்கும்.

நுங்கம்பாக்கம் வாசகி: காற்றுப்புகாக் கலத்தில் நொதிக்கவைத்த கொட்டை இப்போது கடைகளில் கிடைக்கிறது. அதை நம் பில்டரில் போடலாமா?

போடலாம், ஆனால் பயன் குறைவு. அத்தகைய கொட்டையைப் பெரும்பாலும் இளவறுவலாகத்தான் விற்கிறார்கள். அதன் சாறு நம் பில்டரில் முழுமையாக இறங்காது, இறங்கும் பழமணமும் பாலில் கரைந்து காணாமல் போகும். சிறிய பொட்டலமாக வாங்கி, காகித வடிகட்டியில் வடித்து, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள். டிகாக்ஷனுக்கு வழக்கமான நடுத்தர வறுவலே இருக்கட்டும்.