ஆக்ஸலோட்டலின் செவுளில் வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்திருக்கிறது. கடைக்காரர் மீன் மருந்து ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

தயவுசெய்து ஊற்றாதீர்கள். ஆக்ஸலோட்டல் மீன் இல்லை, தண்ணீரிலேயே வாழும் ஒரு வகை சாலமாண்டர்; தவளையின் உறவு. தவளையைப் போல இதுவும் நீரில் இருப்பதைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். மீனுக்கு விற்கும் மருந்துகள் பலவற்றில் மாலகைட் கிரீன் என்ற சாயம் அல்லது செம்பு இருக்கும். மீன் தாங்கும், இது தாங்காது.

கோடையில்தான் உங்களுக்கும் இது வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. டொராண்டோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் ஆக்ஸலோட்டல் ரோஜா, என் மகளுடைய செல்லம். ஜூலை வெயிலில் அவளுடைய செவுள்கள் முன்பக்கமாக மடங்கிக்கொண்டன, வால் நுனி கொக்கி மாதிரி சுருண்டது. மண்புழுவை நீட்டினால் கவ்வுவாள், உடனே துப்பிவிடுவாள். அப்புறம் ஒரு காலை, இடது பக்கச் செவுளின் நுனியில் அரிசி அளவுக்கு வெள்ளைப் பஞ்சு. சிவப்பாக இறகு போல விரிந்திருக்கும் இழைகள் அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக் கிடந்தன.

தொட்டியின் வெப்பமானியில் 24 டிகிரி. இந்த உயிரினத்தின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்து சோச்சிமில்கோ கால்வாய்கள். அந்த நகரம் கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரத்தில் இருக்கிறது. 16 முதல் 18 டிகிரிதான் இதற்கு ஒத்துக்கொள்ளும். சூடு ஏறினால் உடம்பு தளர்ந்துபோகும், பூஞ்சை பிடித்துக்கொள்ளும்.

பேஸ்மென்ட் குளிர்ச்சியாகத்தானே இருக்கும் என்று கேட்பீர்கள். வீட்டைப் பொறுத்தது. எங்கள் வீட்டு ஏசி ஸ்விட்ச் மாடியில் வீட்டுக்காரர் கையில். கரண்ட் பில் ஏறுகிறது என்று பகலெல்லாம் அணைத்துவிடுவார். குளிர்காலத்தில் ஹீட்டருக்கும் இதே கதை. துணி துவைக்கக்கூட அவர் சொல்லும் கிழமையில்தான். மாதம் பிறந்தால் முதல் தேதியே வாடகை கொடுக்கிறோம், கீழே இருப்பவர்களும் மனிதர்கள்தானே! இதைக் கேட்டால் "வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். இந்த ஊர் வாடகையில் எங்கே போவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரோஜாவை மூடியில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, வெளிச்சம் படாத மூலையில் வைத்தோம். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினோம். ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று பலரும் சொல்வார்கள். டொராண்டோ குழாய்த் தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) இருக்கிறது, அது அப்படிப் போகாது. அதனால் அதை முறிக்கும் சீகெம் பிரைம் என்ற தண்ணீர் கண்டிஷனரைக் கலந்து, டப்பாவில் இருந்த அதே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றினோம். கற்றாழை சேர்த்த கண்டிஷனர் வேண்டாம்.

உப்புக் குளியலும் கொடுத்தோம். லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி, அயோடின் சேர்க்காத உப்பு, தனிப் பாத்திரத்தில், பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மகள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். உப்பு செவுளை எரிக்கும், அதனால் கூடாது என்று சிலர் இங்கே வந்து சண்டை போடுவார்கள். அளவும் நேரமும் மீறினால் எரிக்கும்தான், மறுக்கவில்லை. பயமாக இருந்தால் உப்பை விட்டுவிடுங்கள். குளிர்ந்த சுத்தமான தண்ணீர் மாற்றுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். பஞ்சைக் கையால் பிய்க்க வேண்டாம், செவுளும் சேர்ந்து வந்துவிடும்.

இதற்கிடையில் தொட்டியின் நீர்ப்பரப்பில் காற்றுப் படும்படி ஒரு சின்ன மின்விசிறியை வைத்தோம். ஆவியாகும்போது தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், குறைந்த தண்ணீரை அவ்வப்போது நிரப்ப வேண்டும். பஞ்சு சுருங்கி ஒரு நாள் தானாகவே உதிர்ந்தது. இழைகள் மெல்ல மறுபடி முளைத்தன. இப்போது புழுவை விரலோடு சேர்த்துக் கவ்வ வருகிறாள்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. தோலில் சிவப்புத் திட்டு, வீங்கிய வயிறு, கவிழ்ந்து மிதப்பது, இதில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். தவளை, ஆக்ஸலோட்டல் எல்லாம் பார்ப்பார்களா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் முதலில் கூப்பிட்ட இடத்தில் நாய், பூனை மட்டும்தான் என்றார்கள். குணமானதும் தொட்டியில் விடுவதற்கு முன் அங்கே கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.